பேரருவியில் நண்பருக்குக் கிடைத்த பாட்டு

என் நண்பர் பாட்டுக் கேட்கும் விதம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. கண்ணை மூடிக்கொள்வார். தாளம் போடமாட்டார். என்ன ராகம் என்று தெரிந்துகொள்ள முயலமாட்டார். பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்து, "நல்லா இருந்துச்சு வே" என்பார். அவ்வளவுதான். இப்படிக் கேட்கிற ஒருவரிடம் ரேடியோ இருந்தது. ஆலாபனை தொடங்கியதுமே ராகத்தைச் சொல்லிவிடக்கூடிய என்னிடம் இல்லை.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. நான் தென்காசியில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் நகல் எழுதும் குமாஸ்தா. அவருக்குக் கோயில் பக்கத்துத் தெருவில் ஜவுளிக்கடை. தகப்பனார் விட்டுப் போனது. இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அந்த நாளில் "லே" போட்டுப் பேசிக்கொண்டோம். எனக்குக் கல்யாணம் ஆன மறுநாள் அவர் மரியாதையாக "என்ன வே" என்று மாற்றினார். நானும் மாற்றிக்கொண்டேன். மற்றபடி எங்களுக்குள் எதுவும் மாறவில்லை என்று அவர் சொல்வார். ரேடியோ வந்த பிறகு மாறியது என்பது என் கணக்கு.

கடையின் உள்சுவரில், மல் துணிக் கட்டுகளுக்கு நடுவே, அதற்கென்று ஒரு தட்டு அடித்து ரேடியோவை வைத்திருந்தார். தேக்கு நிறப் பெட்டி. அவர் மனைவி பூவேலை செய்து தைத்த உறை ஒன்று அதற்கு உண்டு. உறையைத் தூக்கிக் குமிழைத் திருகினால் உடனே பேசாது; உள்ளே சூடேற வேண்டும். ஒரு பச்சைக் கண் மெல்லத் திறக்கும். ஸ்டேஷன் சரியாகப் பிடித்தால் அந்தக் கண் சுருங்கி நிற்கும். ஏரியல் கம்பியைக் கூரையிலிருந்து பின்வீட்டுத் தென்னைக்கு இழுத்துக் கட்டியிருந்தார்கள். பின்வீட்டு அம்மாள் அதில் ஈரச் சேலையைக் காயப்போட்டால் கச்சேரிக்குள் கரகரப்பு வந்துவிடும். அவர் கடைவாசலில் நின்று, "ஆச்சி, சேலைய எடுங்க, பாட்டு நனையுது!" என்று குரல் கொடுப்பார். தெருவே சிரிக்கும். நான் சிரிக்கமாட்டேன். அந்தச் சேலையால் எனக்கு ஒரு பல்லவி போய்விட்டிருக்கும்.

அலுவலகம் விட்டதும் கோயில் வாசல் வழியாகத்தான் கடைக்கு நடப்பேன். பிளந்து நிற்கும் கோபுரத்தின் அடியில் எப்போதும் காற்று முகத்தில் அறையும். துண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கடந்து, கடைப் பெஞ்சில் என் இடத்தில் உட்காருவேன். எதிர்சாரி வெற்றிலைக்கடைக்காரரும் ஒரு காதை இந்தப் பக்கம் வைத்திருப்பார். ஆலாபனை தொடங்கியதும், "சஹானா" என்பேன், அல்லது "பைரவி" என்பேன். முடிவில் அறிவிப்பாளர் அதையே சொல்வார். வெற்றிலைக்கடைக்காரர் என்னைப் பார்த்துக் கும்பிடுவார். நண்பரும் பெருமையாகத் தலையாட்டுவார். ராகம் தெரியாதது பற்றி அவருக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. அதுவும் எனக்குப் பிடிக்காது.

வீட்டுக்கு வந்ததும் அன்று கேட்டதை வரிசைப்படி எழுதி வைப்பேன். யார் பாடியது, என்னென்ன ராகம், பக்கவாத்தியம் யார், எந்த இடத்தில் கரகரப்பு. என் மனைவி விளக்கைத் தூண்டிவிட்டுக்கொண்டே கேட்பாள்: "அவங்க வீட்டு ரேடியோவுக்கு நீங்க ஏன் கணக்கு எழுதுதீங்க?"

எங்கள் இருவருக்கும் பிடித்தவர் ஒரே வித்வான். அவர் பெயரை எழுதப் போவதில்லை. வாய்ப்பாட்டுக்காரர், கனத்த குரல், மேல் ஸ்தாயியில் போய் நிற்கும்போது தாடையைச் சற்று இடப்பக்கம் கோணுவார். ஒவ்வொரு வருஷமும் ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியதும் குற்றாலத்துக்கு வந்து, தமக்கு வேண்டிய ஒருவரின் பங்களாவில் தங்குவார். ஆனால் அங்கே பாடமாட்டார். அது அவருடைய விரதம். யார் கேட்டாலும் பாடமாட்டார். தம்புராவே கூட வராது. காலையில் பேரருவியில் குளிப்பது, சாப்பிடுவது, தூங்குவது. அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போது அந்த பங்களாவின் சமையற்காரர் ஒருநாள் கடைக்கு வேட்டி எடுக்க வந்தார். பேச்சுவாக்கில், "வெளியதான் பாடமாட்டாரு. அருவிக்குள்ள நின்னா பாடுதாரு. வாய் அசையுது, நான் பாத்திருக்கேன். தண்ணிச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்?" என்றார்.

நண்பரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கிட்டே நின்றவனுக்குக் கேட்கும் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சைக்கிளில் புறப்பட்டோம். சனிக்கிழமை என்று அவர் சொல்வார். எனக்குச் சனிக்கிழமை அலுவலகம் உண்டு, ஞாயிறுதான். தூறல் கண்ணாடியில் விழுந்துகொண்டே இருந்தது. அருவிக்கரையில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. குற்றாலத்தில் குரங்குகள் இருக்கிற வரை எவருக்கும் அந்த முறைதான்: ஒருவர் குளிக்கும்போது ஒருவர் துணிமூட்டையைக் காக்க வேண்டும். நான் முதலில் குளிப்பேன். எனக்கு எண்ணெய்ப் பழக்கம் கிடையாது. அவர் எண்ணெய் தேய்ப்பவரிடம் முதுகைக் கொடுத்துவிட்டு ஊறிக்கொண்டிருப்பார். நான் வந்து மூட்டையை வாங்கிக்கொண்டதும் அவர் போவார்.

அன்றும் அப்படித்தான் நடந்தது. நான் அருவிக்குள் நின்றேன், நின்றேன், பல் அடித்துக்கொள்ளும் வரை நின்றேன். வித்வான் வரவில்லை. வெளியே வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூட்டையை வாங்கினேன். நண்பர் எண்ணெய் மின்ன உள்ளே போனார். அவர் போய்ப் பாறையைத் தொட்டுக்கொண்டு நின்ற சற்று நேரத்தில் சமையற்காரர் முன்னால் வழி விலக்கிக்கொண்டு வர, பின்னால் காவித் துண்டுடன் வித்வான் வந்தார். தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நேராகப் போய் என் நண்பரின் வலப்பக்கம் நுழைந்துகொண்டார். அன்று நல்ல கூட்டம். பின்னால் வந்தவர்கள் நெருக்க, இருவரும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

முறை ஏதும் தவறவில்லை. அதனால்தான் யாரையும் குற்றம் சொல்ல முடியாமல் போயிற்று.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போகலாமா என்று பார்த்தேன். அதற்குள் இருந்தது இருவருடைய உலர்ந்த வேட்டியும். எண்ணெய் தேய்ப்பவரிடம் கொடுக்கலாம் என்றால் அவர் இன்னொருவர் முதுகில் இருந்தார். மூட்டையைக் கரையில் வைக்கலாமா என்று பார்த்தேன். பாறைமேல் ஒரு கிழட்டுக் கடுவன் குரங்கு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. துண்டை வீசி நண்பரைக் கூப்பிட்டேன். "வாரும் வே! மாறிக்கிடுவோம்!" என்று கத்தினேன். அவர் வழக்கம்போலக் கண்ணை மூடியிருந்தார். வெள்ளைத் தண்ணீருக்கு நடுவே வித்வானின் முகம் மட்டும் தெரிந்தது. வாய் திறந்தது. தாடை மெல்ல இடப்பக்கம் கோணியது. மேல் ஸ்தாயி! எனக்கு அது தெரிந்தது, கேட்கவில்லை. எனக்குக் கேட்டதெல்லாம் அருவி.

வித்வான் போன பிறகு நண்பர் வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. துண்டைக் கையில் வாங்கித் துவட்டாமல் நின்றார்.

"பாடுனாரு வே" என்றார்.

"என்ன ராகம்?"

"பாடுனாருன்னு சொல்லுதேன்லா."

"அதான் என்ன ராகம்னு கேக்கேன். தோடியா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "தோடி மாதிரிதான்" என்றார்.

திரும்பும் வழியில் நான் வேகமாக மிதித்தேன். அவர் மெல்ல மிதித்து வந்தார். இரண்டுக்கும் காரணம் ஒரே பாட்டு.

ஊர்ப்பேச்சு அன்று தொடங்கியது. அந்தச் செய்தியை அவர் பெருமைக்குச் சொன்னதாக என்னால் எழுத முடியாது. யாராவது கேட்டால் மட்டும் சொல்வார். ஆனால் எல்லோரும் கேட்டார்கள். சிவகிரியிலிருந்து கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்தவர்கள் கூட, "நீங்கதான அண்ணாச்சி அருவிக்குள்ள பாட்டுக் கேட்டவிய?" என்றார்கள். ஒவ்வொரு தடவையும் பெஞ்சில் நான் இருப்பேன். துணியை அளந்துகொண்டே அவர் சொல்வார். வாய் ஓயாமல் ராகம் சொன்ன என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெற்றிலைக்கடைக்காரர் கும்பிடுவதைக்கூட என் பக்கத்திலிருந்து அவர் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

நான் விடவில்லை. தனியாக இருக்கும்போது கேட்பேன்: கீழ் ஸ்தாயியில் தொடங்கினாரா, மேலேயா? சங்கதி எப்படி வந்தது? அவர் ஒருநாள் காம்போதி என்றார்.

"போன வருஷம் தோடின்னீரே?"

"அப்படியா சொன்னேன்?"

"ஆமா. கரையில நின்னு சொன்னீரு. கையில துண்டு இருந்துச்சு."

எதிர்சாரியிலிருந்து வெற்றிலைக்கடைக்காரர், "அவ்வளவு தண்ணியில தோடி கரைஞ்சு காம்போதியா ஆயிருக்கும் சாமி, விடுங்க" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நண்பரும் சிரித்தார். எனக்கு அன்று ஒரு நிம்மதி வந்தது. ராகம் மாறுகிறது என்றால் கேட்டது பொய்யாக இருக்கலாம். அந்த நிம்மதியைப் பல வருஷம் பத்திரமாக வைத்திருந்தேன்.

நானே போய்க் கேட்டுவிடலாம் என்று பார்த்தால் அதற்கும் வழி அடைந்துவிட்டது. அடுத்த சாரலுக்கு வந்த வித்வானிடம் டாக்டர் குளிர்ந்த நீரில் நனையக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு பங்களா முகப்பில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் வாசல் கதவுக்கு வெளியே மரத்தடியில் நின்றோம். வித்வான் இருமினார். "இது என்ன ராகம் வே?" என்று நண்பர் என் காதில் கேட்டார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாக வந்துவிட்டேன்.

அறுபதுகளில் எனக்கும் ஒரு ரேடியோ வந்தது. அவருடையதை விடப் புதியது. உறையும் என் மனைவி தைத்ததே. முதல் வாரமே வித்வானின் கச்சேரி ஒலிபரப்பானது. என் வீட்டில், என் நாற்காலியில், சேலை காயாத ஏரியலில் கேட்டேன். அத்தனை சுத்தமாக நான் அதுவரை அவரைக் கேட்டதில்லை. பாதியில் என் மனைவி, "ஏங்க, பாட்டு நல்லா இல்லையா? மொகம் இப்படி இருக்கு?" என்றாள். இதைவிடக் கிட்டத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார் என்ற நினைப்பு ஆலாபனையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. மங்களம் வரை அது எழுந்திருக்கவில்லை.

பிறகு நண்பர் டில்லிக்குப் போனார். அவர் தங்கை புருஷனுக்கு அங்கே வேலை. திரும்பி வந்த அன்று மாலை பெஞ்சில் இடமில்லை; அவ்வளவு கூட்டம்.

"படம் தெரியுத ரேடியோ வந்திருக்கு அங்கன. ஒரு மண்டபத்துல பெட்டிய வச்சிருக்கான். எல்லாரும் தரையில உக்காந்து பாக்காங்க. ஒரு அம்மா வீணை வாசிச்சாங்க. வெரலு தெரியுது! கம்பிய இழுக்கது தெரியுது!"

"அந்த அம்மா அந்தப் பெட்டிக்குள்ளயா இருந்தாங்க?" என்றார் வெற்றிலைக்கடைக்காரர்.

"அவங்க வேற எங்கயோ இருக்காங்க. வெரலு மட்டும் இங்கன வருது."

"கலர் உண்டுமா?" என்று நான் கேட்டேன்.

"கலர் இல்ல. சாம்பலும் வெள்ளையும்தான்."

"அப்ப ஒண்ணும் அதிசயமில்ல" என்றேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

"என்ன வாசிச்சாங்க?"

"வீணை வே."

"ராகம்!"

அவர் சிரித்துக்கொண்டே ஒரு துண்டை மடித்தார்.

வீட்டுக்கு வந்து என் ரேடியோவைப் பார்த்தேன். அது வெறும் பெட்டியாக இருந்தது. அருவியில் கேட்டது அவர். டில்லியில் பார்த்தது அவர். டில்லியை என்னால் சோதிக்க முடியாது. குற்றாலத்தைச் சோதிக்க முடியும். சைக்கிளில் போகிற தூரம்தான். அந்த யோசனை அன்றுதான் வந்தது. ஏன் அதுவரை வரவில்லை என்று தெரியவில்லை.

அந்த வருஷச் சாரலில் நானே அவரைக் கூப்பிட்டேன். மூட்டையை எண்ணெய் தேய்ப்பவரிடம் ஒப்படைத்தேன்.

"ரெண்டு பேரும் ஒண்ணா போறோமா? என்ன வே அதிசயம்?" என்றார் நண்பர்.

பேரருவியில் அவர் நின்ற அதே இடத்தில் அவரை நிறுத்தினேன். வித்வான் நின்ற வலப்பக்கத்தில் நான் நின்றேன். கூட்டம் அதிகமில்லை. நடுவில் ஒரு முழம் இடைவெளி விட்டு, பாறையைப் பிடித்துக்கொண்டு பாடினேன். தோடிதான் பாடினேன். என் குரல் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். வீட்டில் முனகுவதோடு சரி. அன்று தொண்டை கிழியப் பாடினேன். எனக்கே கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் நண்பருடைய வாயும் அசைந்துகொண்டிருந்தது. அருவிக்குள் நின்றால் ஆண்பிள்ளைகள் எல்லோரும் பாடுவார்கள் போலிருக்கிறது. காதை அவர் பக்கம் சாய்த்தேன். ஒன்றுமில்லை. தண்ணீர் மண்டையில் உலக்கை போல இடித்துக்கொண்டிருந்தது. ஒரு முழத்தில் நிற்கிறவர் பாட்டு ஓர் எழுத்துக்கூடக் கேட்கவில்லை.

அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் கச்சேரியிலிருந்தும் வெளியே வந்ததில்லை.

"வே, நான் உள்ள பாடினேன். என்ன பாடினேன், சொல்லும்" என்றேன்.

"பாடினீரா? எனக்குக் கேக்கலையே."

"எப்படிக் கேக்கும்? நீரு பாடினதும் எனக்குக் கேக்கல. இத்தன வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீரே. அன்னைக்கும் உம்ம காதுல ஒண்ணும் விழுந்திருக்காது!"

எண்ணெய் தேய்ப்பவர் கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். நண்பர் கோபப்படவில்லை. தலையைத் தட்டிக் காதிலிருந்த தண்ணீரை வெளியேற்றினார்.

"எங்க நின்னீரு?"

"உம்ம பக்கத்துல."

"தள்ளி நின்னீரு வே. வாரும்."

என் மணிக்கட்டைப் பிடித்து மறுபடியும் உள்ளே இழுத்துக்கொண்டு போனார். பாறையோரத்தில் என் தோளோடு தம் தோளை வைத்து அழுத்தினார். நான் விலகினேன். "ஒட்டி நில்லும் வே, சும்மா கூச்சப்படுதீரு!" என்று காதருகே கத்திவிட்டு, முன்னால் பார்த்துக்கொண்டு பாடத் தொடங்கினார்.

முதலில் தண்ணீரின் பாரம் மட்டும் இருந்தது. பிறகு தோள் எலும்பில் ஏதோ ஊர்வது போல இருந்தது. அது கழுத்து வழியாக ஏறித் தாடைக்கு வந்து, காதின் உள்பக்கத்திலிருந்து கேட்டது. வெளியே அருவி, உள்ளே அவர். மூச்சு வாங்கும்போது நின்றது. மறுபடியும் தொடங்கியபோது மெல்ல உயர்ந்தது. உயர்ந்த இடத்தில் என் பற்கள் அதிர்ந்தன. அவருக்குச் சுருதியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஆனாலும் அது பாட்டுதான். ஒரு துளி விடாமல் எனக்குள் வந்துகொண்டிருந்தது.

வெளியே வந்து இருவரும் பாறையில் உட்கார்ந்தோம்.

"இத ஏன் வே முன்னமே சொல்லல?" என்று கேட்டேன்.

"நீரு எங்க கேட்டீரு? என்ன ராகம், என்ன ராகம்னுதான் கேட்டீரு. எனக்கு ராகம் தெரியுமா? நீரா தோடின்னீரு. விடமாட்டீரேன்னு நானும் தோடின்னு சொல்லி வச்சேன். பொறவு மறந்துபோயி காம்போதின்னுட்டேன்."

எண்ணெய் தேய்ப்பவர் மூட்டையை நீட்டினார். "வேட்டியக் கட்டுங்க சாமி, குளிருது" என்றார்.

திரும்பி வரும்போது தூறல் விட்டிருந்தது. நண்பர் முன்னால் மிதித்துக்கொண்டு ஏதோ முனகிக்கொண்டே போனார். அவரைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தேன். அதுவரை என் பொறாமைக்குப் பாதி சந்தேகம் துணையாக இருந்தது. ஒருவேளை பொய்யாக இருக்கலாம் என்று சொல்லி அதைத் தூங்கவைத்துவிடுவேன். இனி அது முடியாது. அன்று அந்தப் பெரிய குரல் மேல் ஸ்தாயிக்குப் போனபோது இவருடைய பற்கள் அதிர்ந்திருக்கின்றன. எனக்குக் கிடைத்தது ஒரு ஜவுளிக்கடைக்காரரின் குரல்.

வித்வான் அதற்குப் பிறகு நெடுநாள் இருக்கவில்லை. இப்போது அவர் இசைத்தட்டுகள் இருக்கின்றன. என் ரேடியோவிலும் வருகிறார். ராகத்தை இன்னும் நான்தான் முதலில் சொல்கிறேன். வெற்றிலைக்கடைக்காரர் மறுபடியும் என் பக்கம் கும்பிடத் தொடங்கியிருக்கிறார்.

ஆனால் கடைப் பெஞ்சில் நான் இடத்தை மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் நண்பருக்கு வலப்பக்கத்தில் உட்காருவேன். கண்ணை மூடிக் கேட்கும்போது அவருடைய வலது தோள் சற்றே முன்னால் வரும். அருவியில் வித்வானோடு ஒட்டி நின்ற தோள் அது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து என்னால் ஒரு கச்சேரியையும் முழுதாகக் கேட்க முடிவதில்லை. இப்போது இடப்பக்கம் உட்காருகிறேன். ஏன் மாறினேன் என்று அவர் கேட்டார். இந்தப் பக்கம் காற்று வருகிறது என்று சொல்லியிருக்கிறேன்.